அதிபர் பதவிக்குப் பிறகு ஒரு சபை உறுப்பினர்: ஜான் குவின்சி ஆடம்ஸ்

அமெரிக்காவின் ஆறாவது அதிபரான ஜான் குவின்சி ஆடம்ஸைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. வாஷிங்டன், ஜெபர்சன், லிங்கன் ஆகியோரைப் பற்றித் தமிழில் ஓரளவு வாசிக்கக் கிடைக்கிறது. இவரையோ, இரண்டாவது அதிபரின் மகன் என்ற ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுகிறார்கள். அவர் அதிபராக இருந்த நான்கு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த ஒரு வரியே போதும் என்றுகூடத் தோன்றலாம். ஆனால் 14 வயதில் ரஷ்யத் தலைநகரில் தொடங்கிய அவருடைய பொதுவாழ்க்கை, 80 வயதில் பிரதிநிதிகள் சபையில் அவர் அமர்ந்திருந்த இருக்கையில்தான் முடிந்தது. அந்த நீண்ட வாழ்க்கையின் சிறந்த பகுதி, தேர்தலில் தோற்று வெள்ளை மாளிகையை விட்டு வெளியேறிய பிறகே தொடங்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதிபராக அவரை வீழ்த்திய அதே பிடிவாதமும், தூதராக அவர் பழகிய சொல் நுணுக்கமும் அங்கேதான் தமக்குரிய வேலையைக் கண்டடைந்தன.

ஜான் ஆடம்ஸுக்கும் அபிகெயில் ஆடம்ஸுக்கும் மகனாக, 1767 ஜூலை 11 அன்று மாசசூசெட்ஸில் உள்ள பிரெயின்ட்ரீயில் அவர் பிறந்தார். அவர் பிறந்த பகுதி இன்று குவின்சி என்ற பெயரில் தனி ஊராக இருக்கிறது. 1775 ஜூன் 17 அன்று, எட்டு வயது நிரம்பாத நிலையில், தாயுடன் பென்ஸ் குன்றின் மேல் நின்று, தொலைவில் சார்ல்ஸ்டவுன் நகரம் பற்றி எரிவதைப் பார்த்தார். பங்கர் ஹில் போரின் பீரங்கி முழக்கம் அங்கே வரை கேட்டது. அந்தப் போரில் உயிரிழந்த மருத்துவர் ஜோசப் வாரன் ஆடம்ஸ் குடும்பத்துக்கு நெருங்கியவர். சிறுவனின் முறிந்த விரலை வெட்டி எடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்தவரும் அவரே. ஆகவே அமெரிக்கப் புரட்சி என்பது ஆடம்ஸுக்குப் புத்தகத்தில் படித்த வரலாறாக ஒருபோதும் இருக்கவில்லை. பிற்காலத்தில் சபையில் சுதந்திரப் பிரகடனத்தை அவர் எடுத்துக்காட்டியபோதெல்லாம் அந்தக் குரலில் இருந்த உரிமை இங்கிருந்து வந்தது.

பத்து வயதில், 1778 இல், தந்தையுடன் 'பாஸ்டன்' என்ற போர்க்கப்பலில் பிரான்ஸ் சென்றார். அடுத்த ஆண்டு மீண்டும் புறப்பட்டபோது கப்பலில் நீர் கசிந்ததால் ஸ்பெயினின் ஃபெரோல் துறைமுகத்தில் இறங்கி, குளிர்காலத்தில் மலைப்பாதைகளைக் கடந்து தரைவழியாகப் பாரிஸ் போய்ச் சேர வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தை ஒட்டி, 1779 நவம்பரில், அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தொடர்ந்த அந்த நாட்குறிப்பு 51 தொகுதிகளாக, 14,000 பக்கங்களுக்கும் மேலாக இன்று மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. அவரைப் பற்றி நமக்கு இவ்வளவு நெருக்கமாகத் தெரிவதற்கு அதுவே காரணம். அதில் அவர் பிறரை எவ்வளவு கடுமையாக எடை போட்டாரோ அவ்வளவு கடுமையாகத் தம்மையும் எடை போட்டார். 1819 இல் ஒரு நாள், தாம் எவரோடும் ஒட்டாத, இறுக்கமான, நெருங்க முடியாத இயல்புடையவர் என்றும், எதிரிகள் தம்மை மனிதவெறுப்பாளர் என்றே சொல்கிறார்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார்.

1781 இல் பிரான்சிஸ் டேனா என்ற அமெரிக்கத் தூதர் புனித பீட்டர்ஸ்பர்க் சென்றபோது, ரஷ்ய அரசவையின் மொழியாக இருந்த பிரெஞ்சு அவருக்குச் சரிவர வராததால், பதினான்கு வயது ஆடம்ஸ் செயலாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உடன் சென்றார். பின்னர் நாடு திரும்பி ஹார்வர்டில் 1787 இல் பட்டம் பெற்று, சட்டமும் படித்தார். 1794 இல் அதிபர் வாஷிங்டன் அவரை நெதர்லாந்துக்குத் தூதராக அனுப்பினார். அப்போது வயது 26. அதைத் தொடர்ந்து பிரஷ்யா, ரஷ்யா, பிரிட்டன் என்று ஐரோப்பியத் தலைநகரங்களில் அவர் கழித்த ஆண்டுகள் பல. 1797 இல் லண்டனில் லூயிசா கேத்தரின் ஜான்சனை மணந்தார். லூயிசா அங்கேயே பிறந்தவர், அமெரிக்க வணிகரும் தூதரக அலுவலருமான ஒருவரின் மகள்.

நடுவில் 1803 முதல் 1808 வரை செனட் உறுப்பினராக இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது, ஏனெனில் அவருடைய குணம் முழுவதும் அதில் தெரிகிறது. ஜெபர்சனின் எதிர்க்கட்சியான பெடரலிஸ்ட் கட்சியின் சார்பில் அங்கே சென்ற அவர், கட்சி எதிர்த்தும், பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை வாங்குவதை ஆதரித்தார். 1807 இல் ஜெபர்சன் கொண்டுவந்த வணிகத் தடைச் சட்டத்துக்கும் ஆதரவாக வாக்களித்தார். கப்பல் வணிகத்தை நம்பி வாழ்ந்த அவருடைய மாநிலத்துக்கு அந்தத் தடை பேரிழப்பு. பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்க மாலுமிகளைப் பிடித்துச் செல்வதை நாடு பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் தரப்பு. மாசசூசெட்ஸ் சட்டமன்றம், அவருடைய பதவிக்காலம் முடியும் முன்னரே அடுத்தவரைத் தேர்ந்தெடுத்து அவரை அவமதித்தது. அவர் பதவியைத் துறந்தார். தம் வாக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

1809 இல் அதிபர் மாடிசன் அவரை ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பினார். நேவா ஆற்றங்கரையில் நடைபயிலும்போது ஜார் முதலாம் அலெக்சாண்டரும் தனியே நடந்து வருவார். இருவரும் நின்று பேசிக்கொள்வதுண்டு. அமெரிக்க வணிகக் கப்பல்களுக்கு ரஷ்யத் துறைமுகங்கள் திறந்திருந்ததில் இந்த நெருக்கத்துக்கும் பங்குண்டு. 1812 செப்டம்பரில், நெப்போலியன் மாஸ்கோவுக்குள் நுழைந்த அதே மாதத்தில், ஆடம்ஸ் தம்பதியின் ஒரே மகள், ஒரு வயதே ஆன குழந்தை, புனித பீட்டர்ஸ்பர்க்கில் இறந்தது. பின்னர் 1814 இல், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனுடன் மூண்ட போரை முடித்துவைக்கும் பேச்சுவார்த்தைக்காக, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கெண்ட் நகரத்துக்கு அவர் போனார். அமெரிக்கத் தரப்பில் ஐந்து பேர். அவர்களில் ஹென்றி கிளே விடிய விடியச் சீட்டாடுபவர், ஆடம்ஸோ விடியுமுன் எழுந்து விளக்கேற்றிப் படிப்பவர். கிளேயின் அறையிலிருந்து ஆட்டம் கலைந்து போகும் ஓசை, தாம் எழும் நேரத்தில் கேட்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிரிட்டன் முதலில் அமெரிக்க நிலத்தில் பெரும் பகுதியை ஒதுக்கிவைக்கச் சொல்லித் தொடங்கியது. முடிவில், போருக்கு முன் எல்லை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்ற உடன்படிக்கையில் 1814 டிசம்பர் 24 அன்று கையெழுத்தானது.

அதன் பிறகு லூயிசா மேற்கொண்ட பயணத்தைத் தனிப் பதிவாகவே எழுதலாம். கணவரிடமிருந்து அழைப்பு வந்ததும், புனித பீட்டர்ஸ்பர்க்கில் வீட்டுப் பொருள்களை விற்று முடித்து, 1815 பிப்ரவரியில் ஏழு வயது மகன் சார்ல்ஸ் பிரான்சிசுடன் பனியில் வண்டியேறி, போரில் சிதைந்து கிடந்த நிலப்பரப்பு வழியாகச் சுமார் 40 நாள் பயணம் செய்து பாரிஸை அடைந்தார். எல்பா தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பாரிஸ் நோக்கி வந்துகொண்டிருந்த நாள்கள் அவை. வழியில் அவருடைய படைவீரர்கள், ரஷ்ய வண்டி என்று கண்டு மறித்தபோது, லூயிசா தம் கடவுச்சீட்டுகளைக் காட்டி, 'நெப்போலியன் வாழ்க' என்று தாமும் முழங்கி, நிதானம் குலையாமல் கடந்து வந்தார். ஆடம்ஸின் வாழ்க்கை வரலாறுகளில் இந்தப் பெண்மணிக்கு இன்னும் கூடுதலான இடம் தர வேண்டும் என்பது என் விருப்பம்.

1817 முதல் 1825 வரை அதிபர் மன்றோவின் கீழ் வெளியுறவுச் செயலாளராக இருந்த எட்டு ஆண்டுகளே தூதர் ஆடம்ஸின் உச்சம். அமெரிக்க வரலாற்றில் அந்தப் பதவியை வகித்தவர்களுள் தலைசிறந்தவர் இவரே என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் பலர். 1818 இல் பிரிட்டனுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் வடக்கு எல்லையை 49 ஆவது இணைகோட்டில் ராக்கி மலைத்தொடர் வரை வகுத்தது. 1819 பிப்ரவரி 22 அன்று ஸ்பெயின் தூதர் லூயிஸ் தெ ஓனிசுடன் கையெழுத்தான உடன்படிக்கை புளோரிடாவை அமெரிக்காவுக்குத் தந்தது. அத்துடன் எல்லைக்கோட்டை 42 ஆவது இணைகோட்டின் வழியே பசிபிக் கடல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. ஸ்பெயினுக்கு ரொக்கமாக எதுவும் தரப்படவில்லை. அந்நாட்டின் மீது அமெரிக்கக் குடிமக்கள் கொண்டிருந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளை 50 லட்சம் டாலர் வரை அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. தம் வாழ்வின் மிக முக்கியமான நாளாக அது இருக்கலாம் என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினார். இந்த உடன்படிக்கையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு நீதிமன்றத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

1823 இல் வெளியான மன்றோ கோட்பாட்டிலும் அவர் கை உண்டு. தென் அமெரிக்காவின் புதிய குடியரசுகளில் ஐரோப்பிய வல்லரசுகள் தலையிடக் கூடாது என்று இரு நாடுகளும் சேர்ந்து அறிவிக்கலாம் என்று பிரிட்டன் அழைத்தபோது, பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பின்னால் இழுபடும் சிறு படகாகப் போவதைவிட நம் கொள்கையை நாமே வெளிப்படையாகச் சொல்வது கண்ணியமானது என்று அமைச்சரவையில் வாதிட்டு வென்றார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1821 ஜூலை 4 உரையில், அழிப்பதற்கு அரக்கர்களைத் தேடி அமெரிக்கா வெளிநாடுகளுக்குப் போவதில்லை என்று அவர் சொன்ன வாசகத்தை இன்றும் ஒவ்வொரு போரின்போதும் யாராவது எடுத்துக்காட்டுகிறார்கள்.

இந்தச் சாதனைகளின் இன்னொரு பக்கத்தை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. 1812 போரின்போது பிரிட்டிஷ் கப்பல்களில் ஏறித் தப்பிச் சென்ற அடிமைகளுக்காக, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று லண்டனில் தூதராகவும், பின்னர் செயலாளராகவும் வாதாடியவர் இதே ஆடம்ஸ். 1820 இல், மிசௌரியை அடிமைமுறை உள்ள மாநிலமாகச் சேர்க்கலாமா என்ற விவாதத்தின்போது, அடிமைமுறையை இந்த ஒன்றியத்தின் மீது படிந்த பெரும் கறை என்று நாட்குறிப்பில் எழுதிய அவர், அதை வெளியில் சொல்லவில்லை. ஒன்றியம் உடைந்துவிடும் என்ற அச்சமும், தெற்கத்திய வாக்குகள் இல்லாமல் அதிபராக முடியாது என்ற கணக்கும் அந்த மௌனத்தில் கலந்திருந்தன என்றே நான் கருதுகிறேன். அவர் வரைந்த எல்லைக்கோடுகளுக்குள் வாழ்ந்த பூர்வகுடி மக்களிடம் எவரும் கையெழுத்துக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1824 தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99, ஆடம்ஸ் 84, கிராஃபோர்ட் 41, கிளே 37 பெற்றனர். எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால், அரசியல் சாசனப்படி, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில் பிரதிநிதிகள் சபை முதல் மூவருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. 1825 பிப்ரவரி 9 அன்று 24 மாநிலங்களில் 13 ஆடம்ஸை ஆதரித்தன. போட்டியிலிருந்து விலக நேர்ந்த கிளே தம் செல்வாக்கை ஆடம்ஸின் பக்கம் திருப்பியிருந்தார். சில நாள்களிலேயே ஆடம்ஸ் அவரை வெளியுறவுச் செயலாளராக நியமித்தார். பதவிக்குப் பதவி என்ற பேரம் நடந்துவிட்டது என்று ஜாக்சனின் ஆட்கள் எழுப்பிய கூச்சல் நான்கு ஆண்டும் ஓயவில்லை. எழுத்தில் அப்படியொரு பேரத்துக்குச் சான்று இல்லை. ஆனாலும் அந்த நியமனம் எப்படித் தோற்றமளிக்கும் என்பதை முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு தூதர் உணர்ந்திருக்க வேண்டும்.

அதிபராக அவர் கண்ட கனவுகள் பெரியவை. 1825 டிசம்பரில் காங்கிரஸுக்கு அனுப்பிய முதல் செய்தியில் சாலைகள், கால்வாய்கள், தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வுக்கூடம் எல்லாவற்றையும் கேட்டார். ஐரோப்பாவில் வானத்தின் கலங்கரை விளக்கங்கள் 130 க்கும் மேல் இருக்க, அமெரிக்கக் கண்டத்தில் ஒன்றுகூட இல்லையே என்று வருந்தினார். அந்தச் சொற்றொடரையே வைத்து அவரை ஆண்டுக்கணக்கில் எள்ளி நகையாடினார்கள். போதாக்குறைக்கு, வாக்காளர்களின் விருப்பம் நம்மைக் கட்டிப்போட்டுவிட்டது என்று உலகுக்குச் சொல்லலாமா என்று அதே செய்தியில் கேட்டு, மக்களை மதியாதவர் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டார். தமக்கு எதிராக வேலை செய்த அரசு அலுவலர்களை நீக்கவும் மறுத்தார். திறமையாக வேலை பார்ப்பவரை அரசியலுக்காக நீக்குவது முறையன்று என்பது அவர் கொள்கை. நான்கு ஆண்டுகளில் அவர் நீக்கியவர்கள் 12 பேர் மட்டுமே. கிரீக் என்ற பூர்வகுடி மக்களை ஏமாற்றிச் செய்யப்பட்ட ஓர் ஒப்பந்தத்தை ரத்துசெய்து 1826 இல் வேறு ஒப்பந்தம் செய்தார். ஆனால் ஜார்ஜியா மாநிலம் முரண்டு பிடித்தபோது கடைசி வரை எதிர்த்து நிற்கவில்லை. 1828 தேர்தலில் ஜாக்சன் 178 தேர்வாளர் வாக்குகள் பெற, ஆடம்ஸுக்கு 83 கிடைத்தன.

அடுத்த ஆண்டு மூத்த மகன் ஜார்ஜ், பயணம் செய்த நீராவிக் கப்பலிலிருந்து காணாமற்போய், பின்னர் பிணமாகக் கிடைத்தான். பதவியும் போய், மகனும் போன அந்த நிலையில் குவின்சியில் புத்தகங்களோடு ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1830 இல் பிளிமத் தொகுதிக்காரர்கள் வந்து, பிரதிநிதிகள் சபைக்கு நிற்கிறீர்களா என்று கேட்டார்கள். முன்னாள் அதிபர் ஒருவர் அந்தப் பதவிக்கு இறங்குவது தகுமா என்ற தயக்கம் அவர்களுக்கே இருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தால் ஊர் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருப்பதுகூட எவருக்கும் இழிவாகாது என்பது அவருடைய பதில். வெற்றிச் செய்தி வந்ததும், அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதுகூடத் தமக்கு இதில் பாதி மகிழ்ச்சியைத் தரவில்லை என்று எழுதினார். அதிபராக இருந்த பின் பிரதிநிதிகள் சபைக்குப் போனவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

1831 டிசம்பரில் அவர் சபையில் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று, தலைநகர்ப் பகுதியில் அடிமைமுறையை ஒழிக்கக் கோரிப் பென்சில்வேனியாவின் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் அனுப்பிய 15 மனுக்களைச் சமர்ப்பித்தது. அந்தக் கோரிக்கையைத் தாம் ஆதரிக்கவில்லை என்றும் உடனே சொன்னார். மனுவை ஏற்பது வேறு, அதில் கேட்பதை ஏற்பது வேறு என்ற இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மனுக்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகின. 1836 மே 26 அன்று, அடிமைமுறை தொடர்பான எந்த மனுவையும் அச்சிடாமல், குழுவுக்கு அனுப்பாமல், விவாதிக்காமல் கிடப்பில் போட வேண்டும் என்ற வாய்ப்பூட்டுத் தீர்மானத்தைச் சபை 117 க்கு 68 என்ற கணக்கில் நிறைவேற்றியது. பெயர் அழைக்கப்பட்டபோது, இந்தத் தீர்மானம் அரசியல் சாசனத்தையும் சபை விதிகளையும் என் தொகுதி மக்களின் உரிமைகளையும் நேரடியாக மீறுவது என்று, எழுந்த கூச்சலுக்கு மேல் குரலெடுத்துச் சொன்னார் ஆடம்ஸ். எட்டு ஆண்டுப் போராட்டம் அங்கே தொடங்கியது.

அந்தப் போராட்டத்தில் அவர் கையாண்ட முறையை 1837 பிப்ரவரி 6 அன்று நடந்ததிலிருந்து அறியலாம். ஏராளமான மனுக்களைக் கொடுத்து முடித்த பின், 22 அடிமைகள் அனுப்பியதாகத் தெரியும் ஒரு தாள் தம்மிடம் இருப்பதாகவும், அது சபையின் தீர்மானத்துக்கு உட்பட்டதா என்று அவைத்தலைவர் தெளிவுபடுத்த வேண்டும் என்றும் மிகப் பணிவாகக் கேட்டார். மனுவை அவர் சமர்ப்பிக்கவே இல்லை. ஒரு கேள்விதான் கேட்டார். அவைத்தலைவர் ஜேம்ஸ் போக் என்ன சொல்வதென்று தெரியாமல் திகைத்தார். தெற்கத்திய உறுப்பினர்கள் கொதித்தெழுந்து, அவரைக் கண்டிக்க வேண்டும், வெளியேற்ற வேண்டும் என்று தீர்மானம் மேல் தீர்மானம் கொண்டுவந்தார்கள். எல்லோரையும் பேசவிட்ட பிறகு ஆடம்ஸ் எழுந்து, தீர்மானங்களில் ஒரு திருத்தம் தேவைப்படும் என்றார். அந்தத் தாளில் கேட்கப்பட்டிருப்பது அடிமைமுறையை ஒழிப்பதற்கு நேர்மாறானது என்றார். சபை வாயடைத்துப் போனது. பல நாள் நீண்ட அந்த விவாதத்தில் அவர் எழுப்பிய கேள்வி ஒன்றை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். மனு என்பது வேண்டுதல், மன்றாட்டு, பிரார்த்தனை; இரக்கத்துக்காக மன்றாடும் உரிமையை ஒருவர் இழப்பதற்கு அவர் எவ்வளவு தாழ்ந்தவராக, எவ்வளவு ஒழுக்கம் கெட்டவராக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அடுத்த ஆண்டு, பெண்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டு அரசியல் மனுக்களில் கையெழுத்திடலாமா என்று ஓர் உறுப்பினர் இகழ்ந்தபோது, சபை கூடும் காலை நேரங்களில் மூன்று வாரங்கள் தொடர்ந்து அவர்களுக்காகப் பேசினார்.

1842 ஜனவரியில் மாசசூசெட்ஸின் ஹேவரில் ஊரைச் சேர்ந்த 46 பேர், ஒன்றியத்தையே கலைத்துவிடக் கோரி அனுப்பிய மனுவைக் கொடுத்து, அதை ஏன் ஏற்கக் கூடாது என்பதற்கான காரணங்களைச் சொல்ல ஒரு குழு அமைக்கும்படி கேட்டார். தேசத்துரோகம் என்று கூவிக் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தனர். 74 வயதான ஆடம்ஸ் உடனே, சுதந்திரப் பிரகடனத்தின் முதல் பத்தியை வாசிக்கும்படி சபையின் எழுத்தரிடம் சொன்னார். வாசிப்பு, அரசை மாற்றவும் கலைக்கவும் மக்களுக்குள்ள உரிமையைச் சொல்லும் இடத்துக்கு வந்தபோது, மீண்டும் வாசியுங்கள் என்றார். இரண்டு வாரம் தம் தரப்பை வாதாடிய பின், இன்னும் பல நாள் பேச வேண்டியிருக்கிறது என்று அவர் அறிவித்ததும், எதிர்த்தரப்பு களைத்துப் போய், தீர்மானத்தைக் கிடப்பில் போட 106 க்கு 93 என்று சபை வாக்களித்தது. வாய்ப்பூட்டு விதியே 1844 டிசம்பர் 3 அன்று, ஆடம்ஸின் தீர்மானத்தின் பேரில், 108 க்கு 80 என்ற கணக்கில் நீக்கப்பட்டது.

இதற்கிடையில்தான் அமிஸ்டாட் வழக்கு. இன்றைய சியரா லியோன் பகுதியிலிருந்து கடத்தப்பட்டு, அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவின் ஹவானாவில் பொய் ஆவணங்களோடு விற்கப்பட்ட 53 ஆப்பிரிக்கர்கள், 1839 இல் தங்களை ஏற்றிச் சென்ற அமிஸ்டாட் கப்பலைக் கைப்பற்றினார்கள். சிங்கே என்று அறியப்பட்ட செங்பே பியே அவர்களின் தலைவர். ஊர் திரும்ப நினைத்தவர்களைக் கப்பலில் இருந்த ஸ்பானியர்கள் ஏமாற்றி வடக்கே கொண்டுபோக, லாங் தீவுக்கு அருகில் அமெரிக்கக் கடற்படையிடம் அகப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அதிபர் வான் பியூரனின் அரசு அவர்களை ஸ்பெயினிடம் ஒப்படைக்கத் துடித்தது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பு வந்த கையோடு ஏற்றிச் செல்ல ஒரு கடற்படைக் கப்பலையும் தயாராக நிறுத்தியிருந்தது. தீர்ப்பு ஆப்பிரிக்கர்களுக்குச் சாதகமாக வந்தும் அரசு மேல்முறையீடு செய்தது.

உச்ச நீதிமன்றத்தில் ஆடம்ஸ் கடைசியாக வாதாடியது 1809 இல். கை நடுங்குகிறது, கண் மங்குகிறது என்று தயங்கியவர், இறுதியில் ஒப்புக்கொண்டு, சிறையில் அவர்களை நேரில் போய்ப் பார்த்தார். அவர்களுள் காலே என்ற சிறுவன், புதிதாகக் கற்ற ஆங்கிலத்தில் அவருக்குக் கடிதம் எழுதினான்: நாங்கள் என்ன தவறு செய்தோம் என்று நீதிமன்றத்தைக் கேளுங்கள், அமெரிக்கர்கள் எங்களை ஏன் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள் என்பது அதன் சாரம். 1841 பிப்ரவரி 24 அன்று ஆடம்ஸ் எழுந்து பேசினார். நடுவில் ஒரு நீதிபதி உறக்கத்திலேயே இறந்துவிட, மார்ச் 1 அன்று வாதத்தைத் தொடர்ந்து முடித்தார். கொள்ளையரிடமிருந்து மீட்கப்பட்ட கப்பல்களையும் சரக்கையும் திருப்பித் தர வேண்டும் என்ற 1795 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் விதியை அரசுத் தரப்பு நம்பியிருந்தது. அந்த விதி, ஆடம்ஸே ஓனிசுடன் பேசி முடித்த 1819 உடன்படிக்கையால் தொடர்ந்து நடைமுறையில் இருந்த விதி. சொல்லுக்குச் சொல் அதைப் பிரித்துக் காட்டினார்: இங்கே சரக்கு யார், கொள்ளையர் யார்? இந்த மனிதர்களே சரக்கு, இவர்களே கொள்ளையர் என்றால், தங்களைத் தாங்களே கொள்ளையடித்துக்கொண்டார்களா? நீதிமன்றச் சுவரில் மாட்டியிருந்த சுதந்திரப் பிரகடனத்தையும் சுட்டிக்காட்டி, இவர்களுக்குப் பொருந்தும் சட்டம் அதுவே என்றார். ஒரு காலத்தில் தப்பியோடிய அடிமைகளின் விலையைக் கேட்டு நின்ற அதே தூதர்தான் இப்படிப் பேசினார் என்பதை எண்ணும்போது, மனிதர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்று எனக்கு வியப்பே மேலிடுகிறது.

மார்ச் 9 அன்று நீதிபதி ஜோசப் ஸ்டோரி வாசித்த தீர்ப்பு அவர்களை விடுவித்தது. அது அடிமைமுறையைச் சாடிய தீர்ப்பன்று; இவர்கள் சட்டப்படி அடிமைகளாகவே இருந்ததில்லை என்ற அளவில் நின்றது. ஊர் திரும்பும் செலவை அரசு ஏற்கவில்லை. ஆதரவாளர்கள் பணம் திரட்டி, உயிரோடிருந்த 35 பேரை அனுப்பிவைத்தார்கள். அதே மார்ச் மாத இறுதியில், தலையிலிருந்து பற்கள் உதிர்வதுபோல் தம் ஆற்றல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருக்க, அடிமை வணிகத்தை எதிர்த்து இனித் தம்மால் என்ன செய்ய முடியும் என்று அவர் நாட்குறிப்பில் கேட்டுக்கொண்டார். கேட்டவர், வேலையை நிறுத்தவில்லை.

ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கில அறிவியலாளர் அறிவைப் பரப்புவதற்காக அமெரிக்காவுக்கு விட்டுச்சென்ற ஐந்து லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகை, 1846 இல் ஸ்மித்சோனியன் நிறுவனமாக உருவானதற்கும் அவர் பெரும் காரணர். அந்தப் பணத்தை அரசு மாநிலக் கடன்பத்திரங்களில் முடக்கிவிட்டபோது, அசல் ஒரு காசும் குறையாமல் இருக்க வேண்டும் என்று பத்தாண்டு காலம் விடாமல் மல்லுக்கு நின்றார். 1843 நவம்பரில், 76 வயதில், கடுங்குளிரில் ரயிலிலும் கால்வாய்ப் படகிலும் பயணம் செய்து சின்சினாட்டி சென்று, ஒரு வானாய்வுக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். கலங்கரை விளக்கம் என்று சொல்லிக் கேலிக்கு ஆளானவருக்கு அந்த ஊர் மக்கள் திரண்டு வரவேற்பு அளித்தார்கள்.

1848 பிப்ரவரி 21 அன்று, தாம் தொடக்கம் முதல் எதிர்த்த மெக்சிகோ போரில் ஈடுபட்ட படைத்தலைவர்களைப் பாராட்டும் தீர்மானத்துக்கு 'இல்லை' என்று உரத்த குரலில் வாக்களித்தார். சற்று நேரத்தில், பேச எழ முயன்றபோது சரிந்து விழுந்தார். அவைத்தலைவரின் அறையில் கிடத்தப்பட்டவர் இரண்டு நாள் கழித்து, 23 ஆம் தேதி மாலை, அங்கேயே காலமானார். அந்தச் சபையில் இல்லினாய் மாநிலத்திலிருந்து வந்த ஒரு புதிய உறுப்பினர் இருந்தார். பெயர் ஆபிரகாம் லிங்கன்.

உள்நாட்டுப் போர் மூண்டால், போர்க்கால அதிகாரத்தைக் கொண்டு அரசு அடிமைகளை விடுவிக்கலாம் என்ற வாதத்தை ஆடம்ஸ் 1836 இலும் 1842 இலும் சபையில் எடுத்துரைத்திருந்தார். போர் வந்தபோது செனட் உறுப்பினர் சார்ல்ஸ் சம்னர் முதலானோர் அந்த வாதத்தை மீண்டும் எடுத்தார்கள். 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் அதே போர்க்கால அதிகாரத்தின் மேல்தான் நின்றது. அந்தப் போர்க்காலத்தில் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்து, பிரிட்டன் தெற்கத்திய மாநிலங்களை அங்கீகரிக்காமல் பார்த்துக்கொண்டவர் சார்ல்ஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ். 1815 இல் தாயுடன் பனியில் வண்டியேறிய அந்த ஏழு வயது மகன்.

அந்த 51 தொகுதிகளின் பக்கங்களையும் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. படிக்க விரும்புவோர் 1779 இலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 1841 பிப்ரவரி, மார்ச் மாதப் பக்கங்களை முதலில் எடுத்துப் பாருங்கள். அடுத்து 1842 ஜனவரி.